மௌனப்படத்துக்கு மொழிபெயர்த்த ஞாயிற்றுக்கிழமை

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "ஐயா, தெரியாத டெனிஷ் சொல் வந்தால் என்ன செய்வீங்கள்?" தெரியாது என்று சொல்லிவிட்டு அகராதியைப் பார்க்க வேண்டியதுதான். இதில் என்ன கேள்வி இருக்கிறது? முப்பது வருடம் இந்த வேலையில் இருந்தேன். தெரியாத சொல் என்னை ஒருநாளும் கவிழ்க்கவில்லை. நன்றாகத் தெரிந்த கதைதான் கவிழ்த்தது. அதைச் சொல்கிறேன். உங்கள் சான்றிதழ்களையெல்லாம் கொஞ்ச நேரம் மேசையில் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

எண்பத்தைந்து, எண்பத்தாறில் எங்களுக்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது. நான் கப்பலில் வேலை செய்து, எழுபதுகளில் இங்கே டென்மார்க்கில் இறங்கி, கோல்டிங்கில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டிக்கொண்டிருந்தவன். இலங்கையில் பிரச்சினை பெருத்து எங்கள் சனம் அகதியாக வந்து குவிந்தபோது பொலிசுக்குத் தமிழும் டெனிஷும் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டது. தொழிற்சாலைக்கு ஃபோன் வந்தது. ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் போனேன். தொழிற்சாலை வேலையை விடாமலே மொழிபெயர்ப்பாளரும் ஆகிவிட்டேன். போகும்போது கையைக் கழுவினேன், பயிற்சி என்று நடந்தது அவ்வளவுதான்.

ஆனால் சீக்கிரமே பேர் வாங்கிவிட்டேன். காரணம் வேகம். ஒருமுறை ஓல்போர்க் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒரு கிழவர் தன் வயிற்றுவலியைப் பத்து நிமிடம் சொன்னார். எந்தப் பக்கம், சாப்பிட்டால் எப்படி, படுத்தால் எப்படி என்று ஒன்றும் விடாமல் சொன்னார். நான் டாக்டரிடம், "வயிற்றுவலி, ஒரு மாதமாக" என்றேன். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். பொலிசிலும் அப்படித்தான். வேறு ஆட்கள் வந்தால் ஒரு விசாரணை பின்னேரம் வரை இழுபடும். நான் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். அவர்களுக்கு என்னைப் பிடித்திருந்தது, எனக்கும் என்னைப் பிடித்திருந்தது. அந்த நாளைய என்னை இப்போது எங்கேயாவது கண்டால் கன்னத்தில் ஒன்று போடுவேன்.

கோல்டிங்குக்கு வெளியே, குளிர்காலத்தில் ஆள் வராத ஒரு பழைய விடுதியை முகாமாக்கியிருந்தார்கள். அங்கே இராசேந்திரம் என்று ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொழும்பில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்காக இருந்தவர். எண்பத்துமூன்றில் தமிழருக்கு எதிராக நடந்த ஆடிக் கலவரத்தில் வீட்டை இழந்தவர். அவருடைய பொலிஸ் விசாரணைக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். அவர் நிறுத்தி நிதானமாக, கந்தோரில் கடிதம் சொல்லி எழுதுவிப்பதுபோலக் கதைப்பார். எனக்கு அந்த நிதானம் எரிச்சலாக இருந்தது. கொழும்புக் கதையை அந்த மாதத்திலேயே நான் இருபது தரம் கேட்டிருந்தேன். வாயைத் திறக்கும்போதே எனக்கு முடிவு தெரியும். அதிகாரி தட்டெழுத்துப் பொறியில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அவர்கள் வந்தார்கள். எல்லாம் எரிந்தது. பொலிசில் முறையிட்டார், பயனில்லை" என்றேன். அதிகாரி தட்டினார். நாங்கள் சாப்பிடப் போனோம்.

மூன்று மாதம் கழித்து அவருக்குக் கடிதம் வந்தது. அதை வாசித்துச் சொன்னவனும் நான்தான். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. நடந்தது பொதுவான கலவரம், விண்ணப்பதாரரைத் தனிப்பட்ட முறையில் யாரும் தேடியதாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். மேன்முறையீட்டுக்கு ஒரு சட்டத்தரணியைக் கொடுத்திருந்தார்கள். புதிதாகச் சொல்ல ஏதும் இருந்தால் வருகிற புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவரைத் திருப்பி அனுப்பலாம்.

"எல்லாத்தையும் சொல்லிப்போட்டன் தம்பி. புதுசா என்னத்தைச் சொல்லுறது?" என்றார்.

"ஓம் அண்ணை, எல்லாம் சொல்லியாச்சு" என்றேன் நான்.

இந்த நிலையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நகரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் திரைப்படச் சங்கம் ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். கம்பளிச் சட்டை, தாடி, பைப், எல்லாம் சரியாக இருந்தன. அகதிகளுக்கு ஒரு படம் காட்ட வேண்டுமென்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் டென்மார்க்கில் எடுத்த ஒரு மௌனப்படத்தைத் தெரிவு செய்தார். "மௌனப்படத்துக்கு மொழி தேவையில்லை" என்று என்னிடம் ஒரு கண்டுபிடிப்பைப்போலச் சொன்னார். அதில் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் திரை முழுக்க டெனிஷ் எழுத்து வந்து நிற்கும் என்பதை அந்த மனிதர் மறந்துவிட்டார். பியானோ வாசிக்க ஒரு முதியவரையும் கூட்டிவந்தார். அறுபது வயது தாண்டியிருக்கும், கோபன்ஹேகன்காரர், யாருடனும் கதைக்கவில்லை.

சாப்பாட்டு மண்டபத்தில் எழுபது பேர். படம் தொடங்கி முதல் எழுத்து வந்ததும் பின்னாலிருந்து ஒருவன், "அண்ணை, என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டான். பிறகு இன்னொருவன் கேட்டான். எழும்பிப் போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ருஷ்யாவில் ஒரு நகரம். அங்கே ஒரு யூதத் தானிய வியாபாரி, அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். ஓர் இராணுவ அதிகாரி மகள்மேல் கண் வைக்கிறான். அவள் மறுக்கிறாள். அவன் நகரத்துச் சனத்தை உசுப்பிவிடுகிறான், வீடு எரிகிறது, அப்பா பனியில் விழுந்து சாகிறார், மகன் பிறநாட்டுக்கு ஓடுகிறான். யூதர் படுகிற பாட்டுக்குக் கண்ணீர் விட வேண்டுமென்று எடுத்த படம்தான். ஆனாலும் யூதரைக் கேலிப்படத்தில் வரைவதுபோல அந்த வியாபாரிக்கு மெழுகில் ஒரு பெரிய மூக்கை ஒட்டிவிட்டிருந்தார்கள். அவர் வருகிற காட்சியிலெல்லாம் இரண்டு கையையும் உரசிக்கொண்டே இருந்தார். நெஞ்சு உருகிப் படம் எடுக்கிறவர்களுக்கும் அந்த மூக்கை விட மனம் வரவில்லை. மகள் பயப்படும்போதெல்லாம் பின்னங்கையை நெற்றியில் வைத்தாள். எங்கள் பொடியள் மூன்றாவது தடவையிலிருந்து அவளோடு சேர்ந்து தாங்களும் வைக்கத் தொடங்கினார்கள். வாத்தியாருக்கு முகம் சிவந்தது.

எனக்கோ நல்ல உற்சாகம். எழுபது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்தில் ஒரு வரி இருந்தால் நான் மூன்று வரி சொன்னேன். அதிகாரி அவளை மிரட்டும் இடத்தில் ஊர் நாடக மேடையில் அரசன் பேசுகிற வசனத்தைக் கொடுத்தேன். கைதட்டினார்கள். பொலிஸ் அறையில் மூன்று மணி நேரத்தை மூன்று வசனமாக்கியவன், இங்கே ஒரு வசனத்தை மூன்றாக்கிக்கொண்டு நின்றேன். இரண்டுமே களவுதான். அப்போது எனக்கு அது கெட்டித்தனமாகப்பட்டது.

அதன் பிறகு சனம் வீட்டுக்கு வருகிற காட்சி. திரை கறுத்தது. எழுத்து வந்தது. உரக்க வாசித்தேன்.

"அவர்கள் வந்தார்கள். எல்லாம் எரிந்தது."

வாசித்து முடித்தபோதுதான் என் குரலே என் காதில் விழுந்தது. சொல்லுக்குச் சொல் நான் பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன அதே வசனம்.

எழுத்து போய்த் தீ வந்தது. இஸ்திரி போட்ட சட்டைகளோடு ஒரு கூட்டம், கையில் பந்தம், கையை உயர்த்திக்கொண்டு எந்த வீடென்று தெரியாமல் இங்குமங்கும் ஓடியது. மூன்றாவது வரிசையிலிருந்து இராசேந்திரம் எழும்பினார். அவர் கூட்டத்தில் வாய் திறந்து நான் கண்டதில்லை.

"இவங்கட கையில பட்டியல் எங்க?" என்று கேட்டார். "பட்டியல் இல்லாமல் எப்பிடி வீட்டைக் கண்டுபிடிக்கிறது? எனக்கு வந்தவங்கள் வாக்காளர் பட்டியலோட வந்தவங்கள். கேற்றடியில நிண்டு, இலக்கத்தைப் பாத்து, என்ர பேரை முழுசா வாசிச்சுப்போட்டுத்தான் உள்ள வந்தவங்கள். ரெண்டு பக்கத்து வீட்டிலயும் ஒரு கண்ணாடி உடையேல்லை. பட்டியல் வச்சிருந்தவனை எனக்குத் தெரியும். ரெண்டு மாசத்துக்கு முன்னம் வாக்காளர் பதிவுக்கு வந்து என்ர வீட்டில தேத்தண்ணி குடிச்சவன். பொலிசில அவன்ர பேரைச் சொல்லி முறைப்பாடு குடுத்தனான். அதுக்குப் பிறகுதான் அவன் ஆக்களோட என்னைத் தேடித் திரிஞ்சவன்."

மண்டபத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பியானோக்காரர் வாசித்தபடியே திரும்பி, "என்ன சொன்னார் அவர்?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் முதல் தடவையாக ஒரு மனிதன் சொன்னதை முழுதாக மொழிபெயர்த்தேன். பேர், இலக்கம், வாசல் கேற், தேநீர், முறைப்பாடு, ஒன்றும் விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கு ஞாபகம் வந்தது. இதையெல்லாம் அவர் விசாரணையில் என்னிடம் சொல்லியிருந்தார். இதே ஒழுங்கில், இதே நிதானத்தோடு. நான் பசியில் இருந்தேன்.

பியானோ நின்றது. திரையில் தீ சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. வாத்தியார், "இசை, இசை" என்று கையைக் காட்டினார். முதியவர் அவரைச் சட்டை செய்யவில்லை. இராசேந்திரத்தைப் பார்த்துப் பேசினார், நான் தமிழில் சொன்னேன்.

"எங்களுக்கும் பட்டியல் இருந்தது. போரில் ஜெர்மன்காரர் எங்கள் யூத சபையின் அலுவலகத்துக்குள் புகுந்து, எங்கள் அலமாரியிலிருந்தே எடுத்துப் போனார்கள். பிறப்புக்கும் கலியாணத்துக்கும் நாங்களே எழுதி வைத்த பெயர்கள். எனக்கு அப்போது இருபது வயது. நான் படகில் சுவீடனுக்குப் போய்விட்டேன். என் பெரியப்பாவுக்குக் கால் ஏலாது. அவர் பெயரைப் பார்த்து, வீட்டுக்கு வந்து, அவரைக் கொண்டுபோனார்கள். இந்தப் படத்தை எடுத்தவர்களுக்குப் பட்டியலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்களுக்குப் பந்தம் போதும்."

பின்னாலிருந்து ஒருவன் என்னிடம், "திரும்பி வந்து பழி வாங்கினவரோ எண்டு கேளுங்கோ" என்றான். கேட்டேன்.

"திரும்பி வந்தேன்" என்றார் முதியவர். "பக்கத்து வீட்டுக்காரி என் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். யாரைப் பழிவாங்குவது?" என்றுவிட்டு மறுபடி பியானோப் பக்கம் திரும்பினார்.

படத்தின் மிச்சத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம், இதில் சுருக்கினால் யாருக்கும் நட்டமில்லை. இருபது வருடம் கழித்து மகன் கோடீசுவரனாக, பொய்த் தாடியோடு திரும்பி வருகிறான். அதிகாரியைச் சீட்டாட்டத்தில் ஓட்டாண்டியாக்குகிறான். கடைசியில் அதிகாரி வளர்க்கும் பெண் தன் தங்கை பெற்ற பிள்ளை என்று தெரிய வருகிறது. துப்பாக்கியைக் கீழே போடுகிறான், எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். பொடியள் விசில் அடித்தார்கள். இராசேந்திரம் மட்டும், "பிளேனுக்குக் காசு வச்சிருக்கிறவனுக்குத்தான் பழியெல்லாம்" என்றார். பியானோக்காரரின் பூச்சாடிக்கும் இந்தப் பொய்த் தாடிக்கும் நடுவில் எங்கள் சனத்துக்கென்று ஒன்றும் இருக்கவில்லை.

படம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது இராசேந்திரம் என்னிடம் வந்தார்.

"தம்பி, பட்டியலைப் பற்றி நான் பொலிசில சொன்னனான்தானே?"

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். வேலை போய்விடும் என்று பயந்தேன். என் பேர் கெட்டுவிடும் என்று அதைவிடப் பயந்தேன். "ஞாபகமில்லை அண்ணை" என்றேன். பச்சைப் பொய்.

அவர் கோபப்படவில்லை. "உங்களுக்கு ஞாபகமில்லாட்டி வேற ஆருக்கு ஞாபகம் இருக்கும்? அந்த அறையில தமிழ் தெரிஞ்ச ஆக்கள் நாங்கள் ரெண்டு பேர்தானே" என்றார். சொல்லிவிட்டு, எடுத்த கதிரையைக் கொண்டுபோய் அடுக்கினார்.

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெட்கம் என்றால் என்னவென்று அன்றுதான் அறிந்தேன். திங்கட்கிழமை தொழிற்சாலை இடைவேளையில் சட்டத்தரணிக்கு ஃபோன் எடுத்தேன். விசாரணையில் இராசேந்திரம் சொன்னதில் பெரும்பகுதியை நான் மொழிபெயர்க்கவில்லை என்று சொன்னேன். "நீர் என்ன சொல்கிறீர் என்று உமக்கு விளங்குகிறதா?" என்று அவர் கேட்டார். விளங்குகிறது என்றேன். "அப்படியானால் எழுதித் தாரும்."

எழுதுவதற்கு உட்கார்ந்தபோது எனக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டான். நேரம் குறைவாக இருந்தது, விண்ணப்பதாரர் நீளமாகக் கதைத்தார், அதிகாரி அவசரப்படுத்தினார் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டேன். திரும்ப வாசித்தால் அந்த மெழுகு மூக்குப் படத்தைவிடக் கேவலமாக இருந்தது. கிழித்துப் போட்டேன். "அவர் சொன்னார். நான் விட்டுவிட்டேன்" என்று எழுதி, விட்டது என்னென்ன என்று கீழே வரிசையாக எழுதினேன். செவ்வாய்க்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விசாரணையை மறுபடி நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. பொலிசில் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அதுவே நியாயம். கோபன்ஹேகன் பக்கம் இஷொயிலிருந்து வேறு ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவதாக ஏற்பாடு. ஆனால் இராசேந்திரம் சட்டத்தரணியிடம், என்னையே கூப்பிட வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். முகாமில் எல்லோருக்கும் ஆச்சரியம். நானே போய்க் கேட்டேன், ஏன் அண்ணை என்று.

"புதுசா வாறவருக்கும் எங்கட கதை எல்லாம் தெரிஞ்சுதான் இருக்கும்" என்றார். "தெரியாது எண்டு இப்ப உங்களுக்குத் தெரியும்."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் என்னைப் பாராட்டவில்லை. பிழை விட்ட கருவியைத் திருத்தித் திரும்பப் பாவிக்கிற கிளாக் புத்தி அது.

அதே அறை, அதே அதிகாரி. அவர் எனக்குக் கைகொடுக்கவில்லை. இராசேந்திரம் முதலிலிருந்து தொடங்கினார். அவர் ஒரு வசனம் சொல்ல நான் ஒரு வசனம் சொன்னேன். மத்தியானம் வந்தது, அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார், நான் பார்க்கவில்லை. வீட்டு இலக்கத்தைச் சொன்னேன். தேநீரில் சீனி போடவில்லை என்று அவர் சொன்னதையும் சொன்னேன். தேவையா இல்லையா என்று தீர்மானிக்க என்னை யாரும் அங்கே வைத்திருக்கவில்லை.

நடுவில் அதிகாரி, "இதையெல்லாம் முதல் தடவை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். தமிழில் கேட்டேன்.

"நான் சொன்னனான். இந்த மனிசன் விழுங்கிப்போட்டார்" என்றார் இராசேந்திரம்.

உங்களுக்குத் தெரியும், நாங்கள் விண்ணப்பதாரரின் இடத்தில் நின்று 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னேன். "நான் சொன்னேன். இந்த மனிதர் அதை விழுங்கிவிட்டார்."

அதிகாரி தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உம்மையா சொல்கிறார்?"

பதில் எனக்குத் தெரியும். வாய் வரை வந்துவிட்டது. ஆனால் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அந்த அறையில் எனக்கு இடமில்லை. இராசேந்திரத்தின் பக்கம் திரும்பி, "நீங்கள் இவரையா சொல்லுறீங்கள் எண்டு கேக்கிறார்" என்றேன்.

"ஓம். இவரைத்தான்."

"ஆம். இவரைத்தான்" என்று டெனிஷில் சொன்னேன். அதிகாரி அதைத் தட்டினார். மாலையில் முழு அறிக்கையையும் தமிழில் வாசித்துக் காட்டி, அந்த வரியையும் வாசித்துக் காட்டி, அவருடைய கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.

வசந்தகாலத்தில் கடிதம் வந்தது. இராசேந்திரம் அதைப் பிரிக்காமல் தொழிற்சாலை வாசலுக்கே கொண்டுவந்து நின்றார். பிரித்தேன். இரண்டு பக்கம். கண் தானாகவே கீழே ஓடி முடிவைப் பிடித்துவிட்டது.

"கிடைச்சிட்டுது அண்ணை. நீங்கள் இங்க இருக்கலாம் எண்டு போட்டிருக்கு."

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தம்பி, மேலயிருந்து வாசியுங்கோ" என்றார்.

அவருடைய முழுப் பெயரிலிருந்து தொடங்கினேன்.